கை வேலை செய்யட்டும், கணக்கு கூடவே வரும்!

உன் மகள் ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். சந்தோஷம்தான் தங்கச்சி. ஆனால், "ஏழு புளியங்கொட்டை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பார். கைக்கு வந்ததை அள்ளி வந்தாள் என்றால் அவளுக்கு எண்கள் இன்னும் பாட்டுதான், கணக்கு ஆகவில்லை. ஒன்றைத் தொட்டு ஒரு எண், அடுத்ததைத் தொட்டு அடுத்த எண் என்று விரலால் எண்ணினால்தான் கணக்கு பிடிபடும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். இரண்டுக்கும் சேர்த்து வீட்டிலேயே செய்கிற மாதிரி சில கைவேலைகள் சொல்கிறேன்.

கோலப்பொடி: சாக்பீஸால் 2, 3, 2 என்று இடுக்குப் புள்ளி வை. மொத்தம் 7. ஒவ்வொரு புள்ளியின் மேலும் அவள் ஒரு சிட்டிகை பொடி வைக்கட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த அந்தப் பிடிதான் பென்சிலுக்கும் வேண்டும். பழகியதும் 3, 4, 5, 4, 3 வை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால், "அடுத்து எத்தனை வரும்?" என்று கேள். ஒன்று கூடி, ஒன்று குறைவதை அவளே கண்டுபிடிப்பாள்.

பழைய கல்யாணப் பத்திரிகை: கெட்டி அட்டையைத் துண்டு போட்டு, 1 முதல் 5 வரை புள்ளி வை. எத்தனை புள்ளியோ அத்தனை துணி கிளிப் மாட்டச் சொல். ஸ்பிரிங் இளகிய கிளிப்பாகப் பார்த்துக் கொடு. புதுசைப் பிஞ்சு விரலால் அழுத்த முடியாது.

சப்பாத்தி மாவு: 6 உருண்டை உருட்டட்டும். இரண்டு தட்டில் பிரித்து வைக்கச் சொல். 3-3, 2-4, 1-5 என்று எப்படிப் பிரித்தாலும் மொத்தம் 6தான் என்பது புரிந்துவிட்டால், கூட்டலுக்குப் பாதி வழி வந்துவிட்டாள்.

கத்தரிக்கோல்: முனை மழுங்கினதாக வாங்கு. முதலில் காகித ஓரத்தில் சும்மா வெட்டிப் பழகட்டும்; கோட்டின் மேல் வெட்டுவது அப்புறம். வெட்டிய துண்டுகளைக் குட்டையிலிருந்து நெட்டைக்கு அடுக்கச் சொல். அளவுப் பாடம் அங்கேயே ஆரம்பம்.

காகிதப் பின்னல்: இது ஐந்து வயதுக்கு மேல். இரண்டு நிறக் காகிதப் பட்டைகளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பாய் முடைகிற மாதிரி கோக்கணும். அடுத்த வரி கீழே என்று ஆரம்பிக்கும். 1837இல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே பள்ளி தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், தன் கைவேலைப் பாடங்களில் இதையும் வைத்திருந்தார்.

இனி உனக்கு மூன்று கண்டிஷன்:

1. அவள் கையைப் பிடித்து நீ செய்யாதே. கோணலாக வந்தாலும் அவள் வேலை அது.

2. எண்ணும்போது தவறினால், "தப்பு" என்று சொல்லாமல் பணியாரக் கல்லை எடுத்து வை. குழிக்கு ஒன்றாகப் போட்டு எண்ணினால் விட்டுப்போகாது. சலிக்கிறாள் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடு.

3. புளியங்கொட்டை, பட்டன் எல்லாம் மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஆகாது. உன் மகளிடம் 20 கொடுத்தால், முடிந்ததும் அவளே 20 எண்ணி டப்பாவில் போடட்டும். ஒன்று குறைந்தாலும் கட்டிலுக்கு அடியில் தேடிவிடு. வீட்டில் தவழ்கிற சின்னவன் இருக்கிறான். அவன் எண்ண மாட்டான், வாயில்தான் போடுவான்.