கடிகாரங்களுக்கு நேரம் சொல்லும் கடிகாரம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வு மையத்தில் அறைக் கண்காணிப்பாளராக இருந்தேன். தேர்வு முடிய இன்னும் 4 நிமிடம் இருப்பதாக அறையின் சுவர்க் கடிகாரம் காட்டிக்கொண்டிருந்தது. அப்போதே அலுவலகத்தில் இறுதி மணி அடித்துவிட்டது. கடைசிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த 4 நிமிடம் எப்படித் தொலைந்தது? சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வெப்பநிலை மாறினாலும், படிகம் பழையதானாலும் இந்த எண்ணிக்கை சற்றே மாறும். ஒரு கடிகாரம் நாளைக்கு அரை வினாடி முந்துகிறது, மற்றொன்று அரை வினாடி பிந்துகிறது என்று கொள்வோம். இரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு 1 வினாடி வேறுபாடு. 240 நாட்களில் அது 240 வினாடி. அதாவது 4 நிமிடம்!

இக்குறையைப் போக்க வந்ததே கம்பியில்லாக் கடிகார அமைப்பு.

மூன்று உறுப்புகள்

கூரையிலோ சன்னலிலோ வைக்கப்படும் செயற்கைக்கோள் ஏற்பி முதல் உறுப்பு. அது பெற்ற நேரத்தை வானொலி அலையாகக் கட்டடம் முழுதும் அனுப்பும் அலைபரப்பி இரண்டாவது. அந்த அலையைக் கேட்டுத் தம் முட்களைத் திருத்திக்கொள்ளும் சுவர்க் கடிகாரங்கள் மூன்றாவது. அமெரிக்காவில் இவ்வகை அமைப்புகள் சில 72 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பதை அந்தந்த நாட்டு அரசே வரையறுக்கிறது.

பேட்டரியில் ஓடும் கடிகாரம் எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த, குறித்த வேளைகளில் மட்டும் விழித்துக் கேட்கும். மற்ற வேளைகளில் தன் படிகத்தை நம்பியே ஓடும்.

விண்ணிலிருந்து வரும் நேரம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. சார்பியல் விளைவால் அக்கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளைக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி முந்த வேண்டும். எனவே அவற்றின் அதிர்வெண்ணை முன்கூட்டியே சற்றுக் குறைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

கோள் தலைக்கு நேர் மேலே இருந்தால், அதன் குறியீடு தரைக்கு வர எவ்வளவு காலமாகும்? 20,200-ஐ ஒளியின் வேகமான 3,00,000-ஆல் வகுத்தால் 0.067 வினாடி கிடைக்கும். ஏற்பி இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். அதற்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டும். இடத்தின் மூன்று அளவுகளும் நேரமும் சேர்ந்து, தெரியாதவை நான்கு; ஆகவே நான்கு கோள்கள் தேவை. இடம் உறுதியான பின், நேரத்தை அறிய ஒரு கோளே போதும்.

அலைபரப்பியிலிருந்து 300 மீட்டர் தொலைவிலுள்ள வகுப்பறைக்கு அலை செல்ல 1 மைக்ரோவினாடிதான் ஆகும். அதை நாம் மறந்துவிடலாம்.

இயக்கும் முறை

முதலில் ஏற்பிக்கு வானம் தெரிய வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் பயனில்லை. அடுத்துப் பொறுமை வேண்டும். ஏன் தெரியுமா?

ஜி.பி.எஸ். நேரம் 1980 சனவரி 6-இல் தொடங்கியது. புவியின் சுழற்சி சீராக இல்லாததால், அதன் பிறகு 2016 இறுதி வரை உலகப் பொது நேரத்தில் 18 லீப் வினாடிகள் சேர்க்கப்பட்டன, ஜி.பி.எஸ். நேரத்தில் அவை சேர்க்கப்படவில்லை. எனவே 2017 சனவரி 1 முதல் ஜி.பி.எஸ். நேரம் 18 வினாடி முந்தி நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கோளே தன் செய்தியில் சொல்லிவிடும். ஆனால் முழுச் செய்தி 25 பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி. ஆக 750 வினாடி, அதாவது 12½ நிமிடம்! அதுவரை காத்திருப்பதே நல்லது.

பிறகு இந்திய நேரத்துக்காக 5½ மணி கூட்ட வேண்டும். கடைசியாக ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் சென்று, அலை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாத இடத்துக்கு இடையில் ஒரு மறுபரப்பி வைக்கலாம்.

ஒற்றுமை வேறு, உண்மை வேறு

இப்போது எல்லாக் கடிகாரங்களும் ஒன்றுபோல ஓடும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஏற்பியின் கம்பி அறுந்துபோனாலும் அலைபரப்பி ஓய்ந்துவிடுவதில்லை. தன் உட்படிகத்தைக் கொண்டு நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நூறு கடிகாரங்களும் சேர்ந்து தவறும். முன்பு அடுத்த அறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். இப்போது அந்த வழியும் இல்லை.

ஏற்பியே தவறுவதும் உண்டு. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழிக்குத் திரும்புகிறது. அவ்வாறு 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியபோது, பழைய கருவிகள் சில தேதியைத் தவறாகக் காட்டின. நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லாத் தொடர்பு வலையமைப்பும் தடைப்பட்டது. அடுத்த திருப்பம் 2038 நவம்பரில் வரும்.

ஆகவே அலைபரப்பியை இயக்குபவர், கோள் தொடர்பைக் காட்டும் விளக்கை நாள்தோறும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது, ஜி.பி.எஸ்.ஸைச் சாராத வேறொரு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைப் பேணி, இணையத்தின் வழியாகவும் வழங்கி வருகிறது. தேர்வு நாளென்றால் இந்தச் சோதனையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பிழையைத் திருத்தினாலும், சுவர்க் கடிகாரங்கள் அடுத்து விழித்துக் கேட்கும் வரை பழைய நேரத்தையே காட்டும் அல்லவா?

அந்த மாணவி கடிகாரத்தை நம்பினாள். அதில் தவறில்லை. நம்பத்தக்கதாக அதை வைத்திருப்பது நம் கடமை.

நீங்களே கணக்கிடுங்கள்

1. அலைபரப்பியின் படிகம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறுகிறது. கோள் தொடர்பு அறுந்தபின் 1 வினாடி பிழை சேர எத்தனை நாளாகும்?

2. 1,024 வாரங்கள் என்பது ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள்?

(விடை: 1. சுமார் 11½ நாள். 2. சுமார் 19.6 ஆண்டு.)