எஞ்சின் எப்போது வரும்? தாமதமாகும் சரக்கும் கொடுத்த வாக்கும்

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் பொருள் செய்வித்து வரவழைக்கும் வியாபாரியிடம் வாடிக்கையாளர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, எப்போது வரும் என்று கேட்பார். முதலாவதற்குப் பதில் சொல்வது இலகு. இரண்டாவதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிப் பெயரைக் கெடுத்துக்கொண்ட வியாபாரங்கள் ஏராளம். இதனை விளங்கிக்கொள்ள, பலருக்கும் வெறும் விளையாட்டாகத் தோன்றக்கூடிய ஒரு சந்தையை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். அதுதான் பிரித்தானியாவின் மாதிரிப் புகையிரத எஞ்சின் சந்தை.

உண்மையான எஞ்சினை 76 இல் ஒரு பங்காகச் சிறிதாக்கி, 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடவிடும் பொருள் இது. சிறுவர்களை விட முதியவர்களே இதனை அதிகம் வாங்குகின்றனர். பிரித்தானிய புகையிரத சேவையில் நீராவி எஞ்சின்களின் ஓட்டம் 1968 ஒகஸ்டில் முடிவுக்கு வந்தது. அதனைச் சிறு வயதில் பார்த்து நின்றவர்கள் இன்று எழுபதை அண்மித்தவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களிடம் “மூன்று வருடம் பொறுங்கள்” என்பது சாதாரண வார்த்தை அல்ல. காத்திருந்த எஞ்சினைக் காணாமலே சிலர் போய்விடுகிறார்கள்.

ஹோர்ன்பி என்பது இத்துறையின் பழம்பெரும் பெயர். லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி தமது பெயரில் ரயில்களை 1920 இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அப்பெயரைத் தாங்கிய கம்பனி, மார்கேட் என்ற கரையோர நகரில் தன் எஞ்சின்களைத் தயாரித்து வந்தது. 1990 களின் பிற்பகுதியில் உற்பத்தி சீனாவுக்கு மாறியது. அங்கு கைவேலை மலிவாக இருந்ததால் முன்பு நினைத்தும் பார்க்க முடியாத நுண்ணிய வேலைப்பாடு சாத்தியமாயிற்று. பொருள் அழகானது. ஆனால் நேரம் கம்பனியின் கையை விட்டுப் போனது.

தாமதம் என்றதும் எல்லோரும் கப்பலையே குறை சொல்வர். தென் சீனத் துறைமுகமொன்றிலிருந்து இங்கிலாந்தின் பீலிக்ஸ்டோ துறைமுகத்துக்குக் கொள்கலன் வந்துசேர வழமையாக ஐந்து வாரங்களளவு செல்லும். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சுயெஸ் கால்வாயை ஆறு நாட்கள் அடைத்து நின்றது. 2022 ஒகஸ்டில் பீலிக்ஸ்டோ ஊழியர்கள் எட்டு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2023 இன் இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் காரணமாகக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது பயணம் சுமார் இரு வாரங்கள் நீண்டது. இவையெல்லாம் உண்மையே. எனினும் எல்லாவற்றையும் கூட்டினாலும் வாரக் கணக்குத்தான். எஞ்சின்கள் தாமதமாவதோ வருடக் கணக்கில்.

அந்த வருடங்கள் தரையிலேயே கழிகின்றன. முதலில் பழைய வரைபடங்களைத் தேடியும், நூதனசாலையில் நிற்கும் அசல் எஞ்சினை அளந்தும் கணினியில் வடிவமைக்க வேண்டும். பின்னர் உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். மொத்தச் செலவில் பெரும் பங்கை விழுங்குவது இதுவே. அச்சிலிருந்து வரும் முதல் வார்ப்பு பெரும்பாலும் பிழையோடுதான் வரும். சீனாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே திருத்தங்கள் போய் வருவதில் மாதங்கள் ஓடும். அதன் பின் நிறமும் எழுத்தும் சரிபார்க்கப்படும். எல்லாம் முடிந்த பிறகுதான் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் இடம் கேட்க வேண்டும். ஒரு தொகுதி எஞ்சின் என்பது தொழிற்சாலைக்குச் சிறிய ஓடர். பெரிய ஓடர் ஒன்று வந்தால் சிறியது பின்னுக்குத் தள்ளப்படும்.

சீனப் புத்தாண்டு வேறு இருக்கிறது. தொழிலாளர்கள் தொலைவான மாகாணங்களிலுள்ள வீடுகளுக்குச் செல்வர். திரும்பி வராதவர்களும் பலர். குண்டூசியை விட மெல்லிய கைப்பிடிக் கம்பியைத் துளையில் பொருத்தப் பழகிய கை போய்விட்டால், புதிய கையைப் பழக்கத்தான் வேண்டும்.

இவற்றை விடப் பெரிய பாடம் 2008 இன் இறுதியில் தொடங்கியது. அக்காலத்தில் ஹோர்ன்பியின் ரயில்களில் பெரும் பகுதியைச் செய்து கொடுத்தது சண்டா கான் என்ற ஒரே நிறுவனம். அந்நிறுவனத்தை ஹொங்கொங்கின் கேடர் நிறுவனம் வாங்கியது. ஹோர்ன்பியின் நேரடிப் போட்டியாளரான பெக்மனின் உரிமையாளரும் இதே கேடர்தான். ஒரே இரவில் ஹோர்ன்பியின் வழங்குநர் போட்டியாளரின் வீட்டுப் பிள்ளையானார். அடுத்து வந்த வருடங்களில் சரக்கு வருவது தடைப்பட்டது. 2012 செப்டெம்பரில் ஹோர்ன்பி இலாப எச்சரிக்கை விடுத்தபோது சொன்ன காரணங்கள் இரண்டு. லண்டன் ஒலிம்பிக் நினைவுப் பொருட்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. சீன வழங்குநரிடமிருந்து சரக்கு நேரத்துக்கு வரவில்லை.

போட்டியாளர் வேண்டுமென்றே கழுத்தை நெரித்தார் என்று இதனை வாசிப்பது இலகு. நான் அப்படி வாசிக்கமாட்டேன். அதே காலத்தில் பெக்மனின் சொந்த எஞ்சின்கள்கூட அறிவித்துப் பல வருடங்கள் கழிந்தே கடைக்கு வந்தன. தென் சீனாவில் ஆட்பற்றாக்குறையும் சம்பள உயர்வும் எல்லோரையும் தாக்கின. ஹோர்ன்பி செய்த பிழை ஒரே வாசலில் நின்றது. பிறகு பல தொழிற்சாலைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. அந்த மாற்றமும் இலகுவாக நடக்கவில்லை. அச்சு உங்களுடையதாக இருந்தாலும் அது இருப்பது இன்னொருவரின் தொழிற்சாலையில். அதனை எடுத்து வேறொரு இயந்திரத்தில் பொருத்தி, மறுபடி வார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் வரை உற்பத்தி இல்லை. குவாங்சோவில் பெட்டியும் பையும் அச்சடிப்பிக்கும் நம் வாசகர்கள் சிலருக்கு இது புதிய செய்தியாக இராது.

இவ்வளவு நிச்சயமின்மை இருக்க, ஏன் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள்? போட்டிதான் காரணம். ஒரே எஞ்சினை இருவர் செய்தால் இருவரின் அச்சுச் செலவும் மீளாது. எனவே கொடியை முதலில் நட்டுவிட நினைக்கிறார்கள். ஆனால் கொடி நட்டதால் மட்டும் நிலம் சொந்தமாகாது. 2018 இல் ஷெபீல்ட் நகரக் கடையொன்று, டப்போல் என்ற உற்பத்தியாளருடன் சேர்ந்து ‘டெரியர்’ என்ற சிறு நீராவி எஞ்சினை அறிவித்தது. 2019 ஜனவரியில் ஹோர்ன்பியும் அதே டெரியரை அறிவித்தது.

இதற்கிடையில் நசுங்குவது சில்லறைக் கடைக்காரர். முற்பதிவு எடுத்தபோது சொன்ன விலை ஒன்று, சரக்கு வரும்போது உள்ள விலை வேறொன்று. சீனாவில் கணக்குப் பெரும்பாலும் டொலரில். 2016 ஜூன் வாக்கெடுப்புக்குப் பின் பவுண் சரிந்தபோது பழைய விலைக்கு வாக்குக் கொடுத்தவர்கள் வித்தியாசத்தைத் தம் இலாபத்திலிருந்தே கொடுக்க நேர்ந்தது. மேலும், வருடக் கணக்கில் தாமதித்த ஐந்து எஞ்சின்கள் ஒரே மாதத்தில் வந்திறங்கினால், வாடிக்கையாளரின் பை ஐந்துக்கும் இடங்கொடாது. முற்பதிவுகள் இரத்தாகும். வாடிக்கையாளரின் முற்பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் பாவித்த கடைக்காரருக்கு அந்த மாதமே கடைசி மாதமாகலாம்.

பெக்மன் 2021 முதல் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. வருடமொருமுறை நீண்ட பட்டியல் வெளியிடுவதை விட்டு, அடுத்து வரும் சில மாதங்களுக்குள் கடைக்கு வரக்கூடியவற்றை மாத்திரம் காலாண்டுக்கொருமுறை அறிவிக்கத் தொடங்கியது. அச்சு வெட்டி, திருத்தி, உற்பத்தி வரிசையில் இடம் கிடைக்கும் வரை பெயரை வெளியே விடுவதில்லை. இதற்கும் விலை உண்டு. மௌனமாக இருக்கும் வருடங்களில் வேறொருவர் அதே எஞ்சினைத் தொடங்கிவிடலாம். கடைக்காரருக்குப் பணம் புரட்டக் கிடைப்பதும் சில மாதங்களே. ஆனாலும் அவர் வாடிக்கையாளரிடம் ஒரு மாதத்தைச் சொன்னால், அது பெரும்பாலும் இவ்வருடத்து மாதமாகவே இருக்கிறது.