சிறிய வீட்டில் வெளிச்சம்

வீடு சிறியது என்று கூசி, தோழியரை அழைக்கத் தயங்கும் மாணவியர் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் குறை அறையின் அளவில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கரும்பச்சை, அடர்நீலச் சுவர்கள் ஒளியை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவரோ தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது வச்சிரமும், மஞ்சள் சாயல் தெரியாதிருக்கச் சிட்டிகை நீலமும் சேர்த்து இரண்டு பூச்சுப் பூசலாம். முதற்பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்தது. எண்ணெய் வண்ணம் பூசிய சுவரில் இது ஒட்டாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகவே பூசும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு, சன்னலை மறைத்து நிற்கும் பீரோவை வேறு சுவரோரம் நகர்த்தச் சொல்லுங்கள். பழைய வாயில் புடவையில் திரை தைத்தால் காற்று தடைபடாது. பகலில் தெருவார் பார்வையும் உள்ளே விழாது.

கடைக்காரர்கள் கொடுத்த நாட்காட்டிகள் நாலைந்து ஆணிகளில் தொங்குவதை ஏனோ நாம் அலங்காரம் என்று எண்ணுகிறோம்! ஒன்று போதும். திரு இருதய ஆண்டவர் படத்தைச் சுற்றிலும் சுவர் வெறுமையாக இருந்தால்தான் கண் அங்கே செல்லும்.

வாசலருகே உள்ள நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்து கிடக்கின்றனவா? மாலையிலேயே மடித்து வைத்துவிட்டால், வருபவர் உட்கார இடம் கிடைக்கும்.