நிலைமின்சாரத்துக்குப் பரிகாரம்: எதை எங்கே கொள்வது?

ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி முதலாளிகள் 1923-ஆம் ஆண்டில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியால் பெயர் பெற்ற விம்கோ நகரில், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, நிலைமின்சாரம் ஓர் உபத்திரவமாவதற்கு நியாயமே இல்லை. காற்றின் ஈரப்பதம் 50, 60 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்போது பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் படிந்து, உராய்வினால் சேர்ந்த மின்னேற்றத்தை ஓசையின்றி வடித்துவிடும் என்பது பௌதிக சாஸ்திரம். அப்படியிருந்தும் பீரோக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது என்ற புகார் இங்கும் உண்டு. நாள் முழுதும் ஏ.சி. ஓடும் மூடிய அறையும், மே, ஜூன் மாதங்களில் கடற்காற்று பிந்தும் நாட்களில் வறண்டு வீசும் மேல்காற்றுமே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

பரிகாரங்கள் பல கடையில் கிடைக்கின்றன. எதையும் வாங்குமுன், மின்னேற்றம் எதில் தங்கியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மனித உடலிலும் உலோகத்திலும் தங்கியதை ஒரு கம்பி வழியாகத் தரைக்கு அனுப்பிவிடலாம். பிளாஸ்டிக்கிலும் பாலியெஸ்டரிலும் தங்கியதை எத்தனை கம்பி கட்டினாலும் எர்த் செய்ய இயலாது. இந்த ஒரு பேதம் தெரியாததால் வீணாகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டு விளம்பரங்களைப் பார்த்து ஈரப்பதமூட்டும் கருவி வாங்குவது, ஜன்னல் கம்பி ஆண்டுதோறும் துருப்பிடித்து உதிரும் இந்தப் பேட்டையில், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்; அதனால் சுவரில் பூஞ்சணம் பூக்குமே ஒழிய அதிகப் பிரயோஜனம் கிட்டாது. கடற்காற்று எழுந்தபின் ஜன்னலைத் திறந்துவைப்பது செலவில்லாத உபாயம். ஆனால் மேல்காற்று அடிக்கும் உச்சிவேளையில் அதையே செய்தால் உள்ளதும் உலர்ந்துவிடும். ஏ.சி.யில் ‘டிரை’ என்றொரு நிலை உண்டு. ஷாக் அடிக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் அதைத் தொடாதிருப்பது நலம்.

அடுத்தபடியாக உடையும் தரையும். மொசைக், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடமாடும் நம் வழக்கம், உடலில் சேரும் மின்னேற்றத்தை அடிக்கு அடி வடியச் செய்கிறது. அந்தத் தரைமேல் வினைல் விரிப்பைப் பரப்பி, வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு மாட்டி, பாலியெஸ்டர் உடையோடு ரெக்ஸின் சோபாவில் தேய்ந்து எழுந்திருப்பவர், அந்த வாய்க்காலைத் தாமே அடைத்துக்கொள்கிறார். பருத்திக்கு மாறுவதே சிரேஷ்டம். மாற முடியாத துணிகளுக்குக் கடைசி அலசலில் துணி மென்மையாக்கி ஒரு மூடி ஊற்றலாம், துவாலைக்கு மட்டும் கூடாது, ஈரம் உறிஞ்சும் சுபாவம் குறைந்துவிடும். அவசரத்துக்கு ஓர் உபாயம்: கையில் உள்ள சாவியின் நுனியால் கைப்பிடியைத் தொடுங்கள், பொறி சாவியில் பாயும், விரலுக்கு வலி தெரியாது.

தொழிலிடத்தின் சங்கதி வேறு. மனிதனின் ஸ்பரிசத்துக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் ஷாக் தெரியும்; செல்போன், கணினிகளின் நுண்ணிய பாகங்களில் சில 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகும். எனவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், தமக்கு ஷாக் அடிப்பதே இல்லை என்று நிம்மதி கொள்வதில் அர்த்தமில்லை. மணிக்கட்டுப் பட்டை, மேஜைமேல் ஆன்டிஸ்டாட்டிக் விரிப்பு, இரண்டையும் எர்த்தோடு சேர்க்கும் கம்பி, இவையே அவருக்குரிய சாதனங்கள். பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். கரண்டுள்ள இடத்தைக் கை தவறித் தொட்டுவிட்டால் உயிரைக் காப்பது அதுதான். கம்பியே இல்லாத பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். மின்னேற்றம் வடிய வழியில்லாத அந்தப் பொருளை வளையல் என்று சொல்லி விற்பது யோக்கியமாக இருக்கும்.

பிளாஸ்டிக் படலத்தில் பொருளைச் சுற்றும் பேக்கிங் பிரிவுகளுக்கு எர்த் கம்பி உதவாது என்பதால், அங்கே காற்றை அயனியாக்கி வீசும் ஐயோனைசரே கதி. விலை அதிகம், அதன் ஊசிமுனைகளைத் துடைத்துப் பராமரிக்காவிட்டால் அது வெறும் மின்விசிறி. கோயம்புத்தூர் நூற்பாலைகள் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காடு வரை நிறுத்திவைக்கத் தனி யந்திரமே வைத்திருக்கின்றன. இழையே சரக்காக இருக்கும் இடத்தில் அது நியாயமான செலவு, நாலு மேஜை போட்ட ஆபீசுக்கு ஆகாது.

தின்னர், பெட்ரோல், ரப்பர் கரைசல் புழங்கும் பட்டறைகளில் சௌகரியத்தை எடைபோட இடமில்லை. அவற்றின் ஆவி பற்றிக்கொள்ள சுமார் 0.2 மில்லிஜூல் சக்தி போதும். 10,000 வோல்ட் ஏறிய மனித உடலிலிருந்து பாயும் பொறியில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. டிரம்மிலிருந்து வார்க்கும்போது இரண்டு உலோகப் பாத்திரங்களையும் செப்புக் கம்பியால் பிணைத்து எர்த் செய்யவேண்டும். பிளாஸ்டிக் கேனைவிடத் தகர டின் மேலானது. எதுவானாலும் பெட்ரோல் பங்கில் அதைக் கையிலோ வண்டியிலோ வைத்து நிரப்பாமல் தரையில் வைத்தே நிரப்புக.

இவ்வளவும் எர்த் சரியாக இருந்தால்தான். உப்பேறிய இந்த மண்ணில் ஜி.ஐ. குழாய் சீக்கிரம் அரித்துப்போவதால், பழைய கட்டடத்தில் எர்த் குழியின் மூடியைத் திறந்து, குழாயோடு கம்பியை இறுக்கும் போல்ட் பச்சைபூத்தோ துருவேறியோ கிடக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்து, மீட்டர் வைத்து அளந்தபின் பட்டை வாங்கப் புறப்படலாம்.