மோட்டார்ச் சைக்கிள் அணியில் மெல்லச் செல்பவரின் இடம்

கல்லூரியை விட்டு நீங்கியபின்னும் நண்பர் சிலர் ஒன்றுகூடி மோட்டார்ச் சைக்கிள்களில் நெடும் பயணம் போவது இன்று அரிதன்று. அத்தகைய அணியில் எல்லோரும் ஒரே தன்மையர் அல்லர். நாடோறும் நெடுந்தூரம் ஓட்டுபவர் ஒருவர். வீட்டிலிருந்து அலுவலகம்வரை மட்டும் ஓட்டிப் பழகியவர் இன்னொருவர். சிறிய எஞ்சினையுடைய வண்டியிற் பின்னால் ஒருவரையும் ஏற்றி வருபவர் மற்றொருவர். இவர்களுள் மிக மெல்லச் செல்பவரை அணியில் எங்கு நிறுத்துவது? “கடைசியில்” என்பதே பெரும்பாலார் கூறும் விடை. அவ்விடை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஓர் அநுபவம்

சில ஆண்டுகளின் முன் யாம் எண்மர் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் புறப்பட்டோம். ஏ-9 வீதியில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர் தூரம். எம்முள் ஒருவர் பட்டினத்துக்கு வெளியே அதிகம் ஓட்டியறியாதவர். “நீர் ஆறுதலாகக் கடைசியில் வாரும்” என்று அவரிடம் சொன்னோம். அன்பினாலேயே அவ்வாறு சொன்னோம்.

ஆனையிறவுவரை குறையொன்றும் தோன்றவில்லை. கிளிநொச்சியைக் கடந்தபோது அவர் சற்றுப் பின்தங்கினார். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எல்லோரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தோம். மாங்குளத்துக்கு அப்பால் அவர் எவருடைய கண்ணாடியிலும் தென்படவில்லை. வவுனியாவிற் காத்து நின்றோம். வந்து சேர்ந்தவரின் முகம் வெளிறியிருந்தது. எம்மை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் லொறி ஒன்றை முந்த முயன்றதாகவும், எதிரே வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில் விலகிச் சென்றதாகவும் கூறினார். அன்று எம் எல்லோரினும் மெல்ல ஓட்டவேண்டியவரே எம் எல்லோரினும் விரைவாக ஓட்டியிருந்தார். பிழை அவருடையதன்று, அவரை அவ்விடத்தில் வைத்த எம்முடையது.

கணக்குக் கூறுவது

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். எண்மர் ஒருவர்க்கொருவர் 1 செக்கன் இடைவெளி விட்டு, ஊருக்குள் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றனர் எனக் கொள்வோம். அப்பொழுது முதல்வருக்கும் எட்டாமவருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 78 மீற்றர். ஊரெல்லை கடந்ததும் முதல்வர் 60 கிலோமீற்றர் வேகத்தை எடுக்கின்றார். முன்னவர் விரைந்ததைக் கண்டு தாமும் விரைவதற்கு ஒவ்வொருவருக்கும் 2 செக்கன் செல்லுமாயின், எட்டாமவரின் முறை வருமுன் 14 செக்கன் கழிந்துவிடும். அதற்குள் இடைத்தூரம் 156 மீற்றராகப் பெருகும். புதிய வேகத்துக்கு உரிய தூரமோ 117 மீற்றர். மிகையான 39 மீற்றரையும் குறைக்க, எட்டாமவர் 70 கிலோமீற்றர் வேகத்தில் 14 செக்கன், அல்லது 80 கிலோமீற்றர் வேகத்தில் 7 செக்கன் ஓடவேண்டும்.

எட்டாமவர் தயக்கமுடையவராயின் இம்மிகை இன்னும் வளரும். இடையில் லொறியொன்று புகுந்தாலோ சொல்லவேண்டியதில்லை. கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என ஊர்தோறும் இது திரும்பத் திரும்ப நிகழும். இறப்பர் நாடா ஒன்றின் தலைப்பை மெல்ல இழுத்தாலும் வால் துள்ளுவது போன்றது இது. ஆகவே அணியின் கடைசி இடம் இளைப்பாறும் இடமன்று. அணியிலேயே கடினமான இடம் அதுவே.

உரிய இடம்

எனவே மெல்லச் செல்பவரின் இடம் தலைவருக்கு அடுத்த இரண்டாம் இடமாகும். அங்கே நாடாவின் துள்ளல் மிகக் குறைவு. தலைவர் தம் கண்ணாடியில் அவரை எந்நேரமும் காணலாம்; அவருக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் அணி முழுவதன் வேகமும் தானே அமைந்துவிடும். சாரணராயிருந்து நடைப்பயணம் போனவர்கள் இதனை அறிவர்: சிறிய பையனை முன்னே விட்டால் எவரும் தொலைவதில்லை.

மூன்றாமவர் பொறுமையுடையவராதல் வேண்டும். அவர் நெருங்கி வந்தால், முன்னே செல்பவர் பின்னால் துரத்தப்படுவதாக உணர்வார். கடைசி இடம் அநுபவம் மிக்க ஒருவருக்கே உரியது. பின்தங்கியவர் எவரையும் கைவிடாது வருவது அவர் கடன்.

இடைவெளியைப் பொறுத்தவரை, நேரான வீதியில் தலைவர் வீதியின் இடப்பாதியில் நடுக்கோட்டை அடுத்தும், இரண்டாமவர் ஓரத்தை அடுத்தும், மூன்றாமவர் மீண்டும் நடுக்கோட்டை அடுத்துமாக மாறி மாறிச் செல்லலாம். பக்கம் மாறிச் செல்லும் முன்னவருக்கு 1 செக்கனும், நேர்முன்னே செல்பவருக்கு 2 செக்கனும் இடைவெளி வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்தில் இவை முறையே 17, 33 மீற்றராகும். மாத்தளையை அண்டிய வளைவுகளிலோ ஒடுங்கிய வீதியிலோ ஒற்றை வரிசையே தகும். அங்கே எல்லோருக்கும் 2 செக்கன் இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் 1973 இல் நிறுவப்பெற்ற மோட்டார்ச் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம் ஓரணிக்கு ஐவர் முதல் எழுவர்வரை போதும் என்கிறது. எண்மராகப் போன யாம் அவ்வளவையும் மீறியிருந்தோம்.

தலைவருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டாமவர் உம்மைப் பார்த்தே ஓட்டுவார். நீர் வளைவில் விரைந்து புகுந்தால் அவரும் தம் திறமைக்கு மேற்பட்டுப் புகுவார். லொறியை முந்தியவுடன் நீர் அதன் முன்னே மெதுவாகிவிட்டால் அவர் வந்து சேர இடமிராது; சிறிது தூரம் முன்சென்று இடம் விடுக. ஆயினும் முந்தலாமா என்பதை அவரவர் தம் கண்ணாற் கண்டே துணியவேண்டும்; முன்னவர் போனார் என்பது வீதி வெறுமையாயிருப்பதற்குச் சான்றாகாது.

மறுப்பும் விடையும்

“முன்னால் நின்றால் எல்லோரும் தம்மைப் பொறுத்து வருகின்றனர் என அவர் கூச்சப்படுவார், பின்னால் வருவதே அவருக்கு நிம்மதி” என்பர் சிலர். அது முற்றும் பொய்யன்று. அதற்கும் ஒரு முறையுண்டு. வழி திரும்பும் சந்திதோறும் தலைவருக்கு அடுத்தவர் ஓரமாக நின்று, கடைசிக் காவலர் வரும்வரை வழிகாட்டுவார். இம்முறையைக் கைக்கொண்டால், மெல்லச் செல்பவர் கடைசிக் காவலருக்கு முன்னே தம் வேகத்தில் வரலாம். எவரையும் எட்டிப் பிடிக்கவேண்டியதில்லை. ஆனால் அம்முறையை எல்லோரும் புறப்படுமுன் அறிந்திருத்தல் வேண்டும். விரைவில் விருப்பமுடையோர் பலராயின் அணியை இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் ஒரு கடைசிக் காவலரும் அமைப்பதே நேர்மை. செய்யத்தகாதது ஒன்றே: அவரைக் கடைசியில் தனியே விட்டு, “வந்து சேர்வார்” என்றிருத்தல்.

கண்டியிலிருந்து மீளும்போது நண்பரை இரண்டாம் இடத்தில் வைத்தோம். யாழ்ப்பாணம் வந்தடைய, போனபோது சென்ற நேரத்திலும் அதிகம் செல்லவில்லை. சந்திகளிற் காத்து நின்ற பொழுது அம்முறை மிஞ்சியிருந்தது. வழிநெடுக எமக்கு முன்னே அவருடைய தலைக்கவசம் தெரிந்துகொண்டேயிருந்தது. வண்டியை எடுக்குமுன் யார் எங்கே என்பதைப் பேசித் தீர்மானிக்க ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தை அன்று காலையில் யாம் செலவிடாமையினாலேயே ஒரு நண்பரை இழக்கும் எல்லைவரை சென்றோம்.