நம்பிக்கைகளும் உண்மைகளும்: மருத்துவக் காப்புறுதியும் நாட்டு வளமும்

கடற்படைத் தளம், கப்பல் பட்டறை, துறைமுகம், மின்நிலையம் என்று லூமுட்டில் வேலைக்கான இடங்கள் பல. சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். மருத்துவக் காப்புறுதிக்கும் நாட்டுப் பொருளாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்ற பேச்சு வந்தால் நான்கு நம்பிக்கைகள் தவறாமல் தலைகாட்டும். நான்குமே குடும்பத்தின் கையிருப்பைத் தொடுபவை என்பதால் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 1: நாடு முதலில் பணக்கார நாடாகட்டும், எல்லாருக்கும் மருத்துவப் பாதுகாப்பு பிறகு வரும்.

உண்மை: வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஜெர்மனி தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கியது 1883இல். ஜப்பான் 1961இல் மக்கள் அனைவரையும் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. தென்கொரியா 1977இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 1989இல் எல்லாரையும் சேர்த்தது. தாய்லாந்து 2002இல் 30 பாட் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பணக்கார நாடு அல்ல.

ஆரோக்கியம் இல்லாமல் உற்பத்தி இல்லை என்பதை மலாயாத் தோட்டங்களும் கண்டன. 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடிய வைத்து மலேரியாவைக் குறைத்தார். காய்ச்சலில் படுத்தவர் மரம் வெட்ட வர முடியாது. ஆள் வராத நாளில் பால் இல்லை. அந்தக் கணக்கும் அரசின் கட்டாயமும் சேர்ந்துதான் தோட்டங்களுக்கு ஆஸ்பத்திரியையும் மருந்து கொடுக்கும் டிரெசரையும் கொண்டுவந்தன.

நம்பிக்கை 2: கம்பெனி மெடிக்கல் கார்டு கையில் இருக்கிறது, கவலை இல்லை.

உண்மை: அந்தக் கார்டு வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடம் அல்ல. தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் வேலை போனது. லயத்து வீடு போனது. மருந்து கொடுத்த டிரெசரும் போனார். மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்ததால் மூன்றும் ஒன்றாகவே போயின. இன்றைய கார்டும் அதே வகைதான். குத்தகை முடிந்தால் முடிந்தது. 60 வயதில் ஓய்வு பெறும்போது, இதயமும் சிறுநீரகமும் சிகிச்சை கேட்கத் தொடங்கும் காலத்தில், அது கையைவிட்டுப் போய்விடும்.

சம்பளத்தில் சொக்சோவுக்குப் பிடிக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். 1971இல் தோன்றிய சொக்சோ, அதாவது பெர்கேசோ, வேலையிடத்து விபத்துக்கும், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்துக்கும், தொழில்சார் நோய்க்கும், உழைக்க முடியாத நிலைக்கும் பாதுகாப்புத் தருகிறது. எல்லா நோய்க்குமான மருத்துவக் காப்புறுதி அது அல்ல.

நம்பிக்கை 3: அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்; அதற்கும் காப்புறுதிக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: நாட்டிலேயே மிகப் பெரிய மருத்துவப் பாதுகாப்பு அதுதான். மலேசியாவில் தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் கிடையாது. வரிப்பணமே அந்த வேலையைச் செய்கிறது. நோயில்லாதவர் கட்டும் வரி நோயாளியைத் தாங்குகிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 45 பில்லியன் ரிங்கிட். அதனால்தான் அருகிலுள்ள ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டும், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்டும், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட்டும் போதுமானவையாக இருக்கின்றன.

ஆனால் பில் சிறியது என்பதால் செலவும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. ஈப்போவில் உள்ள ராஜா பெர்மாய்சூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்பினால், ஒரு வழிக்கே சுமார் 80 கிலோமீட்டர். நாள்கூலிக்காரருக்கும் உடன் போகிறவருக்கும் அன்றைய சம்பளம் இல்லை. சில சிகிச்சைகளில் உடலுக்குள் பொருத்தும் கருவிகளை நோயாளியே வாங்க வேண்டிவரும். நகை அடகுக் கடைக்குப் போவது இத்தகைய செலவுகளால்தான். அந்த நிலை வருமுன் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைக் கேளுங்கள். உதவி நிதிக்கு வழிகாட்டுவது அவர்களின் வேலை.

நம்பிக்கை 4: தனியார் காப்புறுதி பெருகப் பெருக மக்கள் ஆரோக்கியமும் நாட்டு உற்பத்தியும் உயரும்.

உண்மை: தனியார் காப்புறுதி பரவலாக உள்ள அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. அதைவிட மிகக் குறைவாகச் செலவிடும் ஜப்பானியர் சில ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள். செலவு உயர்ந்தால் காப்புறுதிக் கட்டணமும் உயரும். நம் நாட்டில் அது எந்த அளவுக்குப் போனதென்றால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்ல வேண்டியிருந்தது.

காப்புறுதியால் உண்மையில் என்ன கிடைக்கிறது? 2008இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் ஏழைகளுக்கான அரசுக் காப்புறுதியைக் குலுக்கல் முறையில் வழங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, பெற்றவர்களிடம் மருத்துவக் கடன் சுமையும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. வேலைவாய்ப்பிலோ சம்பளத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே, காப்புறுதி நாட்டின் உற்பத்தியை ஒரே இரவில் உயர்த்தும் என்பது மிகை. ஒரு நோய் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பிள்ளையின் படிப்பையும் விழுங்காமல் அது தடுக்கிறது. அப்படிக் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள்தான் ஒரு நாட்டின் பொருளாதார பலம்.

ஆகவே, முதலாளி உங்கள் பெயரில் பெர்கேசோ சந்தா கட்டுகிறாரா என்று இந்த மாதமே பாருங்கள். வீட்டில் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறுபவரோ அவருடைய துணையோ 40 வயதை எட்டியிருந்தால் பெக்கா பி40 திட்டத்தின் இலவசப் பரிசோதனைக்குப் போங்கள். கம்பெனி கார்டை மட்டும் நம்பி 60 வயது வரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் மருத்துவரும் படுக்கையும் வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். அது சலுகை அல்ல. நாம் வரியாக ஏற்கெனவே கட்டிவிட்ட காப்புறுதி.