கொடிக்கரையும் எங்கள் மிளகாய்க் குழம்பும்

முன்னுரை

கடலைக் காணாத ஊர் எங்கள் திருப்பூர். இங்கே இரவும் பகலும் கேட்பது அலையோசையன்று. பனியன் கம்பெனிகளின் மிஷின் ஓசையே. ஆயினும், "உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?" என்று யாரேனும் கேட்டால், எங்கள் வகுப்பில் பலர் "கொடிக்கரை" என்றே கூறுவோம். 'பொன்னியின் செல்வன்' படித்ததன் பயன் அது.

இவ்வாண்டு இலக்கிய மன்றத்திற்காக நாங்கள் நால்வர் சேர்ந்து சோழர் காலக் கதை ஒன்று எழுதினோம். அதில் வீரன் ஒருவன் கொடிக்கரைக் குடிசையில் மிளகாய் அரைத்துவிட்ட மீன்குழம்பை உண்டு மகிழ்கிறான். அதைப் படித்த அருட்சகோதரி, "மிளகாய் நம் நாட்டுக்கு எப்போது வந்தது, பிள்ளைகளே?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். நூலகத்தில் தேடியபோது விடை கிடைத்தது. வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய 1498ஆம் ஆண்டுக்குப் பின்னரே போர்ச்சுகீசியர் அதைக் கொண்டுவந்தனர். சோழர் வீட்டுக் காரம் மிளகுதான்! வெட்கமடைந்த நாங்கள், சரித்திரக் கதையை எவ்வாறு எழுதுவது என்று ஆராயத் தொடங்கினோம்.

கல்கியின் உழைப்பு

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை இக்கதையை வாரந்தோறும் எழுதினார்கள். அதற்காக நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களைக் கற்றார்கள். ஓவியர் மணியம் அவர்களுடன் இலங்கைக்கும் சென்று இடங்களை நேரில் கண்டார்கள். கதையில் வரும் ரவிதாசன் வெறும் கற்பனையல்லன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களுள் ஒன்றாக அப்பெயரை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. அது இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது.

இடத்தின் இயல்பு

கொடிக்கரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே உள்ளது. அங்குள்ள குழகர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். துணையின்றி இக்கடற்கரைக் காட்டில் இறைவன் ஏன் தனித்திருக்கிறான் என்று அவர் வருந்துகிறார். காற்றும், ஆந்தையும், கூகையும் அப்பாடலில் வருகின்றன. ஆகவே, கதை நிகழும் 10ஆம் நூற்றாண்டுக்கு முன்பே அங்குக் காடு இருந்ததை அறிகிறோம். அக்காடு இன்றும் இருக்கிறது. 1967இல் அது வனவிலங்குச் சரணாலயமாயிற்று. வெளிமான்கள் அங்கு மேய்கின்றன. பூநாரைகள் வலசை வருகின்றன. கதையில் வரும் புதைசேறும், காடும், கலங்கரை விளக்கமும் அந்த மண்ணோடு பொருந்தியிருப்பதால்தான் நாம் அவற்றை நம்புகிறோம்.

உண்மையும் கற்பனையும்

படகோட்டும் பூங்குழலி கற்பனைப் பெண். அவளுக்குக் கல்வெட்டுச் சான்று எதுவுமில்லை. ஆனால் அவள் படகைத் தள்ளும் கடல் உண்மை. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்திற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தது ஏறத்தாழ கி.பி. 1006இல். இதனை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. கதையோ அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்னே நடக்கிறது. அப்போதே அங்கு ஒரு விகாரம் இருந்ததாகக் கொண்டு கல்கி கதையை நடத்துகிறார். இதிலிருந்து ஒன்று கற்றோம். மனிதரைப் படைக்கலாம், காலத்தைச் சிறிது வளைக்கவும் செய்யலாம். ஆனால் எதை வளைக்கிறோம் என்று அறிந்தே வளைக்க வேண்டும். நாங்கள் மிளகாயை அறிந்து சேர்க்கவில்லை, அறியாமையால் சேர்த்தோம். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

முடிவுரை

கொடிக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அழிந்தது. அதைக் காண விரும்பிய எங்களுக்கு இச்செய்தி மிகுந்த வருத்தம் தந்தது. கல் அழிந்தாலும் கதையில் விளக்கு எரிகிறது. கவனமாக எழுதுவது எவ்வளவு பெரிய தொண்டு என்பதை அன்று உணர்ந்தோம்.

எங்கள் நொய்யலுக்கும் ஒரு கதை உண்டு. அதன் கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்தனர், இரும்பு உருக்கினர். பதிற்றுப்பத்து அவ்வூரைக் கொடுமணம் என்கிறது. கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. கடல் வாணிகம் எங்கள் ஆற்றங்கரை வரை வந்திருக்கிறது! சாயக்கழிவால் அந்த ஆறு கெட்டதையும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாளை நொய்யலைப் பற்றிக் கதை எழுதுவோர்க்கு அதன் தெளிந்த நீரும் கலங்கிய நீரும் தெரிய வேண்டாவா? அடுத்த கதையை அங்கிருந்தே தொடங்க எண்ணியுள்ளோம்.

உண்மைக்குச் சாட்சியாய் இருப்பது நம் திருமறை கற்பிக்கும் கடமை. கற்பனைக் கதை எழுதும்போதும் அக்கடமை நீங்குவதில்லை. எங்கள் வீரன் இப்போது மிளகுக் குழம்பு உண்கிறான். எங்களைத் திருத்திய அருட்சகோதரிக்கு எம் நன்றி உரியது.

— பத்தாம் வகுப்பு மாணவி